தோட்டப் பாடத்தில் பெயில்

பல்கலைக்கழகத்தில் நான் பெயிலானது ஒரே ஒரு பாடத்தில்தான். அது தோட்டத்தைப் பற்றிய பாடம். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பிராவில் பிறந்து, அங்கிருந்தே பதுளைக்குப் பஸ்ஸில் போய்ப் படித்து, தோட்டத்தின் எங்கள் டிவிஷனிலிருந்து முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். நான் கிளம்பிய அன்று கோயிலில் மாலை போட்டு அனுப்பினார்கள். அப்படிப் போனவன் கணக்கிலோ ஆங்கிலத்திலோ தோற்றிருந்தால் யாருக்கும் புரிந்திருக்கும்.

தொண்ணூறுகள் முடியும் காலம் அது. எங்கள் கலைப்பீடத்தில் அப்போதுதான் ஒரு புதிய ஏற்பாடு வந்திருந்தது. பிரதான பாடத்தோடு துணைப் பாடநெறி ஒன்றையும் எடுக்க வேண்டும். அது ஒரு துறைக்குச் சொந்தமானது அல்ல. பொருளியல், புவியியல், சமூகவியல் என்று மூன்று துறைக்காரர்கள் மாறி மாறி வந்து ஒரே பாடத்தை நடத்துவார்கள். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும், விடையை அவரவர் மொழியில் எழுதலாம். எங்களுக்கு மூத்த மாணவர்கள் அதற்கு அச்சாறு என்று பேர் வைத்துவிட்டார்கள். மாங்காயையும் அன்னாசியையும் மிளகாய்த் தூளையும் ஒரே போத்தலில் போட்டுக் குலுக்குகிற மாதிரி என்றார்கள்.

சுற்றாடல், பெண்கள் கற்கை, பெருந்தோட்டச் சமூகம் என்று மூன்று தலைப்புகள் கொடுத்தார்கள். நான் புவியியல் மாணவன், எனக்குச் சுற்றாடல்தான் பொருத்தம். ஆனால் என் ஆங்கிலம் மோசமானது. எந்த விரிவுரையிலும் பாதிக்குமேல் எனக்கு விளங்காது. தோட்டத்தைப் பற்றிய பாடம் என்றால் விளங்காவிட்டாலும் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். விடுதியில் என் அறைத் தோழனும் அதையே சொன்னான்.

"ஒனக்கென்னடா, நீ வகுப்புக்கே போகத் தேவல்ல. கண்ண மூடிக்கிட்டு எழுதலாம்."

முதல் வகுப்பை நடத்தியவர் சமூகவியல் விரிவுரையாளர். யாழ்ப்பாணத்துக்காரர். சண்டையில் வீட்டை விட்டு வந்து மலைநாட்டில் வேலைக்குச் சேர்ந்தவர். நாங்கள் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். முதலில் ஆங்கிலத்தில் எதையோ கேட்டார். யாரும் அசையவில்லை. பிறகு தமிழில் கேட்டார்.

"தோட்டத்தில இருந்து வந்த ஆக்கள் ஆரும் இருக்கிறீங்களோ?"

நான் கை தூக்கினேன். இன்னொரு கையும் எழும்பும் என்று எதிர்பார்த்தேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் இருந்தான். அவன் எங்கே பிறந்தான், அவன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவன் தன் பேனாவின் மூடியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். மொத்த வகுப்பும் திரும்பி என்னை மட்டும் பார்த்தது. தூக்கிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து நான் அந்த வகுப்பின் சாட்சி ஆனேன். மிஸ் லயத்தின் நீள அகலம் சொல்வார், சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன். பொருளியல் விரிவுரையாளர் ஒரு சிங்களவர், நல்ல மனிதர். அவரும் பெண்களின் வேலை நேரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு "அப்படித்தானே?" என்று என்னிடம் கேட்பார். தலையாட்டுவேன். அவர் சொன்னதில் பாதி எனக்கு விளங்கியிருக்காது. விளங்கவில்லை என்று காட்டிக்கொள்வதைவிட ஆமாம் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

ஒருநாள் குடியைப் பற்றிப் பாடம் நடந்தது. சம்பள நாளில் ஆண்கள் குடிப்பதைப் பற்றியும், வீட்டில் நடக்கும் அடிதடியைப் பற்றியும் சொன்னார்கள். சிங்கள மாணவர்கள், யாழ்ப்பாண மாணவர்கள், மட்டக்களப்பு மாணவர்கள் என்று எல்லோரும் ஒருமிக்க என் பக்கம் திரும்பினார்கள். என் அப்பா குடிப்பதில்லை. கல்யாண வீட்டிலும் தொடமாட்டார். எங்கள் லயத்தில் குடிக்கிறவர்களும் இருந்தார்கள், அதுவும் உண்மைதான். நான் தலையாட்டினேன். ஆட்டிவிட்டுக் குனிந்தேன். அப்பா அந்த வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல முகம் சுட்டது.

பரீட்சையில் பெரிய கேள்வி இதுதான்: தோட்டத்து இளைஞர்கள் தோட்டத்தை விட்டு வெளியேறுவதற்கான காரணிகளை ஆராய்க.

கேள்வியைப் படித்ததும் எனக்கு என் அண்ணன் ஞாபகம்தான் வந்தது. அண்ணன் கொழும்பில் புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் வேலை செய்தார். நான் பல்கலைக்கழகம் வருவதற்கு முந்திய வருஷம் தீபாவளிக்கு வந்துவிட்டுத் திரும்பினார். அப்பாவும் நானும் அவரை வழியனுப்பப் பதுளை வரைக்கும் போனோம். தோட்டத்திலிருந்து இறங்கும் பஸ்ஸில் அண்ணனும் நானும் ஒரு சீட்டில் இருந்தோம். அப்பா எங்களுக்கு முன் சீட்டில், மடியில் ஒரு கோணிப் பையை வைத்துக்கொண்டு சன்னலில் தலை சாய்த்திருந்தார். நடுவழியில் ஏறிய ஒரு பெரியவர், பார்த்தால் அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தர் மாதிரி இருந்தவர், அண்ணனின் உடுப்பைப் பார்த்துவிட்டு "தம்பி எந்த இடம்?" என்று கேட்டார்.

"டவுன்தான் அங்கிள். ஆஸ்பத்திரிக்கிட்ட. இங்க தெரிஞ்சவங்கள பாக்க வந்தோம்" என்றார் அண்ணன்.

அப்பா அசையவில்லை. தூங்குகிறார் என்று நினைத்து நான் நிம்மதி அடைந்தேன்.

பரீட்சைத் தாளில் இதை எழுதினேன். அண்ணன் என்று எழுதவில்லை, ஓர் இளைஞன் என்றேன். அவன் கடையில் வாங்கும் சம்பளம் அறைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடுகிறது, மிச்சம் வருவது தோட்டத்தில் வாங்கியதைவிட அதிகம் இல்லை, அவன் பணத்துக்காகப் போகவில்லை, எந்த இடம் என்ற கேள்விக்கு வேறு பதில் சொல்வதற்காகப் போகிறான் என்று எழுதினேன். காரணம் வெட்கம் என்றேன். தாள் தாளாக அதையே எழுதினேன். வெளியே வரும்போது, முதல் தடவையாக எனக்குத் தெரிந்த ஒன்றை நன்றாக எழுதிவிட்டேன் என்று நினைத்தேன்.

பெறுபேறு ஒட்டிய நாளில் அறிவித்தல் பலகைக்கு முன்னால் கூட்டம். எனக்கு முன்னால் நின்ற ஒருவன் என் இலக்கத்தைப் பார்த்துவிட்டு, "மச்சான், அச்சாறு போயிட்டு" என்றான். பிறகு அவனே, "உனக்கெப்பிடியடா?" என்று திரும்பினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும், அப்படிப்பட்ட சேதிதான். அந்தப் பாடத்தில் முதலாவதாக வந்தவள் வெலிமடையிலிருந்து வந்த ஒரு சிங்களப் பெண். அவள் குடும்பம் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடும் குடும்பம். புவியியலில் என்னோடு படித்தாள், சினேகிதி. நுவரெலியாப் பையனும் நல்ல புள்ளி எடுத்திருந்தான்.

மிஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் மேசையில் இருந்த புத்தகங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"நீர் எழுதினதில பிழை ஒண்டும் இல்லை" என்றார். "வாசிச்சுப்போட்டு நான் கொஞ்ச நேரம் மற்றப் பேப்பரைத் தொடேல்லை. ஆனா காரணிகள் எண்டு கேட்டிருக்கு. நீர் ஒண்டைத்தான் எழுதியிருக்கிறீர். மற்றது எல்லாம் எங்க? சம்பளம், வீடு, காணி, படிப்பு?"

"அதெல்லாம் எல்லாருக்கும் தெரியுந்தானே மிஸ்."

"தெரிஞ்சதைத்தானே தம்பி பரீட்சையில கேக்கிறது."

ரெண்டாவதாகத் திருத்தியவர் இன்னும் குறைவாகப் போட்டாராம். வெட்கம் என்பது ஒரு காரணியா, அதற்கு எங்கே ஆதாரம் என்று கேட்டாராம். "எனக்கு அவருக்கு மறுமொழி சொல்லத் தெரியேல்லை" என்றார் மிஸ். திரும்ப எழுதலாம், உதவி செய்கிறேன் என்றும் சொன்னார். ஆதாரம் முன் சீட்டில் கோணிப் பையோடு உட்கார்ந்திருந்தது என்று நான் சொல்லியிருக்கலாம். நன்றி சொல்லிவிட்டு எழும்பினேன்.

அந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வெலிமடைச் சினேகிதியும் அதே பஸ்ஸில் வந்தாள். வழக்கமாக வெலிமடையில் இறங்கிவிடுவாள். அவளுடைய அக்கா பதுளை ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று அக்காவிடம் போவதால் பதுளை வரைக்கும் வந்தாள். நாங்கள் இருவரும் சிங்களத்தில்தான் பேசுவோம். பெயிலானதைப் பற்றி வழியெல்லாம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. வீட்டில் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். திரும்ப எழுதிப் பாஸ் பண்ணிய பிறகு யாருக்குத் தெரியப் போகிறது?

பதுளை பஸ் ஸ்டாண்டில் அப்பா நின்றார். டவுனில் ஏதோ வேலையாக வந்தவர், நான் வருவேன் என்று காத்திருந்தார். அவரைப் பார்த்ததும் சினேகிதி கும்பிட்டாள். தமிழர்களோடு சந்தையில் பேசிப் பழகிய தமிழ் அவளுக்குக் கொஞ்சம் உண்டு. என் அப்பாவோடு தமிழில் பேசினால்தான் மரியாதை என்று நினைத்திருக்க வேண்டும்.

"மாமா, இவர் நல்லா படிக்கிறது" என்றாள். "ஒரு பாடம் மட்டும் பெயில். தோட்டம் பாடம். அது நான் சொல்லிக் குடுக்கும். பயம் இல்ல."

என் பை தோளிலிருந்து வழுகியது. அப்பா சிரித்த முகத்தோடு, "சரிம்மா, சரிம்மா, ரொம்ப சந்தோசம்" என்றார். அவள் போன பிறகு என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். நான் வேண்டாம் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறி ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். மேலே போய்ச் சேரும் வரைக்கும் அவர் மழையைப் பற்றியும், புதிதாக வந்த கணக்கப்பிள்ளையைப் பற்றியும் பேசினார். பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் உம் கொட்டிக்கொண்டு வந்தேன்.

நான் லீவில் வந்தால் பக்கத்துக் காம்பிராக்காரர்கள் எங்கள் இஸ்தோப்பில் வந்து உட்காருவது வழக்கம். லயத்து வாசலில் இருக்கிற அந்தச் சின்னத் தாழ்வாரத்தில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் நிற்க வேண்டும். அன்றும் வந்தார்கள். அம்மா மலையிலிருந்து வந்து, கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.

"பரீட்ச எல்லாம் எப்புடி தம்பி?" என்று ஒருவர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பதில் சொன்னார். "எல்லாம் பாஸ். ஒண்ண மட்டும் திரும்ப எழுதணுமாம்."

"எது?"

"இங்கிலீசு."

"அது கஸ்டந்தாங்க" என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் தன் மகனும் ஆங்கிலத்தில்தான் கோட்டை விட்டான் என்று சொல்லத் தொடங்கினார். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்காகச் சொன்ன முதல் பொய் எவ்வளவு வேகமாக வந்தது.

அவர்கள் எழும்பிப் போனதும் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தோட்டத்த பத்தி என்னா கேட்டாங்க?"

சொன்னேன். பொடியன்கள் எதற்காகத் தோட்டத்தை விட்டுப் போகிறார்கள் என்று கேட்டார்கள் என்றேன்.

அம்மா உள்ளேயிருந்து, "இதுவா பெரிய கேள்வி? இங்க என்னா இருக்கு, இருக்கிறதுக்கு?" என்றார்.

"நீ என்னா எழுதுன?" என்றார் அப்பா.

அவர் அவசரப்படுத்தவில்லை. மறுநாள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குப் போவதற்காகக் கத்தியைக் கல்லில் தீட்ட ஆரம்பித்தார். தீட்டிக்கொண்டே காத்திருந்தார்.

"வெக்கத்தால போறாங்கன்னு எழுதுனேன்."

கத்தி நின்றது. "எதுக்கு வெக்கம்?"

அதற்குத்தான் தாள் தாளாகப் பதில் எழுதியிருந்தேன். அவர் முகத்துக்கு முன்னால் அதில் ஒரு வரியும் வரவில்லை.

"அன்னைக்கு பஸ்ஸுல நம்ம பெரியவன் சொன்னானே, அதயா எழுதுன?"

"நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீங்களேப்பா."

"முழிச்சிக்கிட்டுதான் இருந்தேன்."

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "என்னா பஸ்ஸு? பெரியவன் என்னா சொன்னான்?"

"ஒண்ணுமில்ல" என்றார் அப்பா. "பஸ் லேட்டுன்னு சொன்னான்."

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அப்பா மறுபடி கத்தியைத் தீட்டினார். அது ஏற்கெனவே போதுமான அளவு தீட்டியாகிவிட்டது என்று எனக்கே தெரிந்தது. கடைசியில் விரலால் கத்தியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அடுத்த தடவ வேற என்னாச்சும் எழுதுப்பா."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கடையில் வேறு சட்டை எடுத்துப்போடு என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். பஸ்ஸில் அவர் கண்ணை மூடியிருந்தது அண்ணனுக்காக. பொய் உடைந்து அண்ணன் தலைகுனியக் கூடாது என்பதற்காக. அதை நான் காசு கொடுத்து வாங்கிய பேனாவால் விடைத்தாள் திருத்திய, எங்கள் ஊரையே தெரியாத ரெண்டு பேருக்கு எழுதிக் காட்டியிருந்தேன். அண்ணனுக்கு இன்றுவரை இது தெரியாது. அப்பா அதைப் பற்றி மறுபடி பேசவும் இல்லை.

விடுமுறை முடிந்து போனதும் வெலிமடைச் சினேகிதி சொன்னபடியே எனக்குப் பாடம் சொல்லித் தந்தாள். நூலகத்துக்குப் பின்னால் வாகை மரத்தடியில் ஒரு சீமெந்து வாங்கு உண்டு. அங்கே உட்கார்ந்து நடத்துவாள். குறைந்த சம்பளம், வீட்டு நெருக்கடி, காணி உரிமை இல்லாமை, கல்வி வளர்ச்சி, நகரத்தின் ஈர்ப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தி. ஒவ்வொரு பந்திக்கும் ஓர் உதாரணம். அவள் உதாரணங்களைச் சொல்லும்போது அடிக்கடி நிறுத்தி, "இதைப் போய் உனக்கு நான் சொல்கிறேனே" என்று சங்கடப்படுவாள். நான் தொடர்ந்து சொல் என்பேன். லயத்துக் கூரை மழையில் எப்படி ஒழுகும் என்று ஓர் உருளைக்கிழங்குக் கமக்காரனின் மகள் எனக்குப் புத்தகத்திலிருந்து விளக்கினாள், நான் மனப்பாடம் செய்தேன்.

திரும்ப எழுதினேன். ஐந்து காரணிகளையும் வரிசையாக, துணைத்தலைப்புப் போட்டு எழுதினேன். வெட்கம் என்ற சொல்லை எங்கும் போடவில்லை. பாஸாகிவிட்டேன். தோட்டத்துக் கடைக்குப் போன் பண்ணி அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். அவர் மூச்சு வாங்க வந்து போனை எடுத்தார்.

"பாஸ் பண்ணிட்டேம்பா."

"வேற எழுதுனியா?"

"ஆமாப்பா."

"நல்லது" என்றார். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார்.

பரீட்சைக்குப் பிறகும் பாடநெறியில் ஒரு பகுதி மிச்சம் இருந்தது, களவேலை. வகுப்பையே ஒரு பஸ்ஸில் ஏற்றி மடுல்சீமையில் ஒரு தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். பாதை பாதியில் மோசமாகி, பஸ் ஒரு திருப்பத்துக்கு மேல் ஏறவில்லை. இறங்கி நடந்தோம். யாழ்ப்பாண மாணவர்களுக்கு மூச்சு இரைத்தது. எனக்கு அந்த ஏற்றம் பழகியது. ஆனாலும் மற்றவர்களைப் போல மெதுவாகத்தான் நடந்தேன். ஏன் அப்படி நடந்தேன் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

குழு குழுவாகப் பிரிந்து லயத்து வீடுகளுக்குப் போய்க் கேள்வி கேட்க வேண்டும். எங்கள் குழுவில் நான், வெலிமடைச் சினேகிதி, இன்னும் இரண்டு சிங்கள மாணவர்கள். மிஸ்ஸும் கூட வந்தார். நான்தான் கேட்டு, நான்தான் சிங்களத்தில் சொல்ல வேண்டும். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓர் அம்மா வீட்டில் இருந்தார். என் அம்மாவைவிடக் கொஞ்சம் மூத்தவர். எங்கள் எல்லோருக்கும் உட்கார இடம் தேடி, பக்கத்துக் காம்பிராவிலிருந்து ஒரு வாங்கு வாங்கி வந்தார்.

வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள், கக்கூசு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நான் படித்த தமிழில் கேட்டேன். "கழிப்பறை வசதி" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துத்தான் விளங்கிக்கொண்டார். ஏழாவதோ எட்டாவதோ கேள்வியில் என்னையறியாமல் பேச்சு தோட்டத்துத் தமிழுக்கு வழுகிவிட்டது. "புள்ளைங்க எல்லாம் எங்கங்க இருக்காங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை நன்றாகப் பார்த்தார்.

"நீ எந்த ஊருப்பா?"

"ஸ்பிரிங்வெளி."

"ஸ்பிரிங்வெளில டவுனா, தோட்டமா?"

"தோட்டந்தாங்க. லயந்தான்."

அவர் முகம் மலர்ந்தது. தன் நாத்தனாரை அங்கேதான் கட்டிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அப்பா என்ன வேலை, அம்மா கொழுந்துக்குப் போகிறாரா என்று கேட்டார். பிறகு என் கையிலிருந்த தாள்களைக் காட்டி, மெய்யாகவே விளங்காமல் கேட்டார்:

"அப்புறம் நீ எதுக்குப்பா இதெல்லாம் எங்கிட்ட கேக்குற? ஒனக்கு தெரியாதா?"

சிங்கள மாணவர்களில் ஒருவன், "என்ன சொல்கிறார்?" என்று என்னைக் கேட்டான். சினேகிதிக்கு விளங்கியிருந்தது. அவள் தரையைப் பார்த்தாள். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் உதவிக்கு வரவில்லை. வெளியே வாசலில் காயப் போட்டிருந்த விறகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிப்புக்குங்க" என்றேன். "இவங்களுக்கெல்லாம் தெரியணுமில்ல."

"சரி, கேளு கேளு" என்றார் அந்த அம்மா. அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் இன்னும் விளக்கமாகப் பதில் சொன்னார். சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, எனக்கு நல்ல புள்ளி கிடைக்க வேண்டும் என்று நினைத்துச் சொன்னார். மகன் எதற்காகக் கொழும்புக்குப் போனான் என்ற கேள்வி வந்தபோது, "சம்பளம் பத்தலன்னு எழுதிக்க" என்றார். உண்மையா என்று நான் கேட்கவில்லை. எழுதிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மிஸ் என் பக்கத்து சீட்டுக்கு வந்தார். பிறகு சொன்னார்:

"நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில இருந்தனாங்கள். அங்க ஒரு பெடியன் வந்து, ஒரு நாளைக்கு எத்தினை வாளி தண்ணி பாவிக்கிறீங்கள் எண்டு எல்லாரையும் கேட்டவன். அம்மா ஒழுங்காப் பதில் சொன்னவ. நான் எழும்பி வெளியில போட்டன். நானும் அப்ப கேம்பஸ்ஸில படிச்சுக்கொண்டிருந்தனான்."

அவ்வளவுதான் சொன்னார். நான் "எத்தன வாளி மிஸ்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. அவர் முதலில் திடுக்கிட்டு, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார். நானும் சிரித்தேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் குழுவின் அறிக்கைக்கு வகுப்பிலேயே கூடிய புள்ளி கிடைத்தது. அதிலிருந்து சில பகுதிகளை வகுப்பில் வாசித்துக் காட்டினார்கள். சினேகிதி முன் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். நுவரெலியாப் பையன் அன்றைக்கு என் பக்கத்தில் வந்து இருந்தான். வாசித்து முடிந்ததும், "நல்லா இருக்கு" என்றான். "எங்க அம்மாவும் இப்புடித்தான் சொல்லுவாங்க" என்று மெதுவாகச் சொன்னான். அவன் தன் வீட்டைப் பற்றி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

பட்டம் கிடைத்தது. என்னோடு புவியியல் படித்தவர்கள் ஆசிரியர் நியமனத்துக்கு வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு அந்த அச்சாறுதான் வேலை வாங்கித் தந்தது. தோட்டங்களில் வீடு கட்டும் திட்டம் ஒன்றுக்கு, தோட்டச் சமூகத்தைப் பற்றிப் படித்த ஆள் வேண்டும் என்று எடுத்தார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்திய சில வருஷங்கள் ஊவா மாகாணத்துத் தோட்டம் தோட்டமாகச் சுற்றினேன். மோட்டார் சைக்கிள் கொடுத்தார்கள். லயங்களுக்குப் போய், யாருக்கு வீடு முதலில் வேண்டும் என்று விசாரித்து எழுதுவது வேலை. கொஞ்ச வீடுகள் கட்டவும் பட்டன. அதில் எனக்குச் சந்தோஷம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒரு தடவை எங்கள் தோட்டமே வந்தது. வேறு ஆளை அனுப்பச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை. எங்கள் லயத்தில் கடைசிக் காம்பிராவில் ஓர் அத்தை இருந்தார். சொந்த அத்தை இல்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். சின்ன வயதில் அவர் வீட்டுக் கோழியை நான் விரட்டினால் விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு லயத்தைச் சுற்றித் துரத்துவார். அம்மா வேலையிலிருந்து வரப் பிந்தினால் எனக்குச் சோறு போட்டதும் அவர்தான். திட்டிக்கொண்டே போடுவார்.

நான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தாள்களோடு போனேன். அத்தை என்னைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கதிரையைத் துடைத்தார்.

"வாங்க. உக்காருங்க. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

யாருக்குச் சொல்கிறார் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

"என்னா அத்த இது, வாங்க போங்கன்னுக்கிட்டு? எப்பயும் போல வாடான்னு சொல்லுங்க" என்றேன்.

"சரிங்க" என்றார் அத்தை.

உட்கார்ந்தேன். பேனாவை எடுத்தேன். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். மூத்த மகன் மாத்தளையில், மகள் கட்டிக் கொடுத்த இடத்தில், கடைசிப் பையன் மட்டும் கூட இருக்கிறான். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். அத்தை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றபடியே ஒவ்வொருவராகச் சொன்னார். நான் குனிந்து எழுதிக்கொண்டேன்.